பெட்டிக்குள் நான் பற்றவைத்த பொய்

அக்கா,

இன்று காலை கடைக்கு ஒரு ஹீட்டர் வந்தது. வட்டக்கானலில் விடுதி நடத்துகிற ஒரு பெண் கொண்டுவந்தாள். போன குளிரோடு மூடி வைத்ததை இப்போதுதான் வெளியே எடுத்திருக்கிறாள். "சூடாகுதுக்கா, ஆனா ஒரு மாதிரி வாடை வருது" என்றாள். ப்ளக்கைச் சொருகினேன். கம்பி மெல்லச் சிவந்தது. அதன்மேல் மாதக்கணக்கில் படிந்திருந்த தூசி வேகத் தொடங்கியது. உங்கள் வீட்டு முன்னறையில் அந்த வால்வுப் பெட்டியைப் போட்ட முதல் ஐந்து நிமிடம் வருமே, அதே வாடை. எதிரில் ஆள் நிற்பதை மறந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டேன். "என்னக்கா, பெரிய ரிப்பேரா?" என்று அவள் பயந்துபோய்க் கேட்டாள்.

"இல்லம்மா, தூசிதான். கொஞ்ச நேரம் எரியவிட்டாப் போயிரும்."

அவள் போன பிறகு உங்களுக்கு எழுத வேண்டும்போல் இருந்தது. நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இத்தனை நாளும் உங்களைப் பற்றி யார் யாரிடமோ பேசியிருக்கிறேன். உங்களிடம் பேசவில்லை.

நீங்கள் முதன்முதலில் என் கடைக்கு வந்தது ஒரு கீபோர்டு அடாப்டருக்காக. மிக்ஸி, அயர்ன்பாக்ஸ், டார்ச் என்று தலைக்கு மேல் அடுக்கியிருக்கும் அந்தச் சின்னக் கடைக்குள் குனிந்து எட்டிப் பார்த்தீர்கள். ரிப்பேர் கடையில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எல்லோரும் "ஓனர் இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். நீங்கள் கேட்கவில்லை. விட்டுப்போன வயரை நான் பற்றவைப்பதைக் கடைசிவரை நின்று பார்த்தீர்கள்.

"கை நடுங்கவே இல்லையே. எங்க பழகினே?"

"கல்யாணத்துக்கு முன்னால கோயமுத்தூர்ல ரேடியோ கம்பெனில ஆறு வருசம் சால்டர் அடிச்சேங்க. அப்புறம் வில்பட்டிக்கு வாக்கப்பட்டு கேரட் கழுவப் போயிட்டேன்."

நீங்கள் சிரித்தீர்கள். "அப்ப வால்வு செட்டு பார்ப்பியா?"

கண்ணாடிக் குழாயாய் எரிகிற அந்த வால்வை நான் அதுவரை கையால் தொட்டதுகூட இல்லை. கம்பெனியில் நான் சேர்ந்தபோதே எல்லாம் டிரான்சிஸ்டர் ஆகிவிட்டது. ஆனாலும் "பார்க்கிறேங்க" என்று வாயில் வந்துவிட்டது. யாராவது என் கையைப் பாராட்டி நெடுநாள் ஆகியிருந்தது, அதனால் இருக்கலாம்.

அடுத்த ஞாயிறு, சர்ச் முடிந்து நீங்கள் வந்த பிறகு, உங்கள் வீட்டுக்கு வந்தேன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், சர்ச்சில் பாடுகிற கொயர் குழுவை நடத்துகிறவர், தனியாக இருப்பவர் என்பதெல்லாம் பஸ்ஸில் விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். மேசைமேல் சாம்பல் நிறத்தில் ஒரு இரும்புப் பெட்டி. முன்னால் நான்கு குமிழ், உள்ளே மூன்று வால்வு. பங்களாவில் இருந்த ஒரு வயதான அம்மாள், மலையை விட்டு ஒரேயடியாகப் போகும்போது ரெக்கார்டு பிளேயர், ஸ்பீக்கர், ஒரு பெட்டி ரெக்கார்டுகளோடு சேர்த்து உங்களுக்குக் கொடுத்ததாம். அதன் பெயர் ப்ரீஆம்ப் என்றீர்கள். ரெக்கார்டு ஊசியில் பிறக்கிற ஈர்க்குச்சிச் சத்தத்தை, பெரிய ஆம்ப்ளிஃபயர் எடுத்துக்கொள்கிற அளவுக்குத் தூக்கிக் கொடுக்கிற பெட்டி. அன்று அது தூக்கிக் கொடுத்தது பாட்டை இல்லை, 'உர்ர்ர்' என்று மாவு மில் இரைகிற சத்தத்தை.

ஐந்து மாதம் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினோம். அடிப்பலகையைக் கழற்றி, எந்த வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று நான் விரல் வைத்துச் சொல்லச் சொல்ல, நீங்கள் ஒரு பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் வரைந்தீர்கள். மெழுகு வழிந்து கிடந்த பழைய கண்டென்சர்களை எல்லாம் பிடுங்கிவிட்டுப் புதிது போட்டேன். இரைச்சல் போட்ட ரெசிஸ்டர்களை மாற்றினேன். சென்னையிலிருந்து பார்சலில் வால்வு வந்தது. அதைப் பஞ்சிலிருந்து எடுக்கும்போது கோழிக்குஞ்சை எடுக்கிற மாதிரி எடுத்தீர்கள். ரெசிஸ்டர்மேல் இருக்கிற நிறக் கோடுகளுக்குக் கணக்கு உண்டு என்று நான் சொன்னதும், "கருப்பு பழுப்பு சிவப்பு, ஆரஞ்சு மஞ்சள் பச்சை" என்று அதற்கொரு மெட்டுப் போட்டுப் பாடினீர்கள். இன்றைக்கும் அந்த மெட்டு இல்லாமல் எனக்கு அந்தக் கணக்கு வராது.

அந்தப் பெட்டிக்குள் முந்நூறு வோல்ட் ஓடும். "ப்ளக்கைப் புடுங்கின பெறகும் உள்ள சார்ஜ் நிக்கும்க்கா. செத்த பாம்புன்னு நெனச்சுத் தொட்டா கொத்திரும்" என்று சொல்லி, உங்களைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் உள்ளே தொடுவேன். "க்ளாஸ்ல தண்டனை வாங்கின பிள்ளை மாதிரி நிக்கிறே தனம்" என்பீர்கள். நடுவில் தேத்தண்ணி வரும். நீங்கள் டீ என்று சொல்லிக் கேட்டதில்லை. எட்டு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தும் அந்த ஒரு சொல்லை மட்டும் இறக்கி வைக்கவில்லை.

உங்கள் அம்மாவைப் பற்றிச் சொன்னதும் அப்படி ஒரு தேத்தண்ணி நேரத்தில்தான். தோட்டத்துத் தேயிலை பேக்டரியில், உருட்டு மிஷின் பக்கத்தில் நின்று நின்று அவருக்குக் காது போய்விட்டது. இங்கே வந்த பிறகு அடுப்பு மூலையில்தான் உட்கார்ந்திருப்பாராம்.

"மொதல்ல கத்திக் கூப்பிட்டோம் தனம். அப்புறம் கையைத் தட்டிக் கூப்பிட்டோம். அப்புறம் கூப்பிடுறதையே விட்டுட்டோம். அண்ணன், அக்கா எல்லாரும். நானுந்தான். எனக்குப் பாட்டுல பரிசு கெடச்ச அன்னைக்கு வீட்டுல எல்லாருகிட்டயும் சொன்னேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லல. சொல்லிப் புரியவைக்க நேரமாகும்னு."

தேத்தண்ணி தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனீர்கள்.

புரட்டாசி வாக்கில் இரைச்சல் நின்றது. அன்று நீங்கள் போட்டது பெண்கள் மட்டும் பாடுகிற ஒரு கொயர் ரெக்கார்டு. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எல்லாக் குரலுக்கும் மேலே ஒருத்தி தனியாக ஏறிப் போவாள். அவளை நீங்கள் 'மேல்குரல்காரி' என்பீர்கள். அவள் ஏறுகிற இடத்தில் என்னைப் பார்த்தீர்கள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு துணியைப் போட்டு மூடின மாதிரி இருக்கே. இவ எங்கேயோ அடுத்த ரூம்ல பாடுறா."

எனக்கு அவள் என் உச்சந்தலையில் நின்று பாடுகிற மாதிரி இருந்தது. பெரிய காது உங்களுடையது, எனக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு வால்வு மாற்றினோம். ஊசி மாற்றினோம். ஸ்பீக்கர் வயர் மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் வரணும்" என்றீர்கள்.

பிறகு அந்த ஞாயிறு. செல்போனில் ஒரு ஆப் இறக்கியிருந்தேன். அடித்தொண்டைச் சத்தத்தில் தொடங்கி விசில்போலக் கீச்சிடுகிறவரை ஒரே சத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றும். அதைப் பெட்டியில் இணைத்து, எந்த இடத்தில் சத்தம் குறைகிறது என்று பார்க்கலாம் என்றேன். நீங்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொயருக்குக் கை காட்டுகிற மாதிரி ஆள்காட்டி விரலை உயர்த்திக்கொண்டே வந்தீர்கள். சத்தம் ஏறியது. விரலும் ஏறியது. தோளுயரம் வந்ததும் விரல் சட்டென்று மடியில் விழுந்தது.

"நின்னுருச்சு. பாத்தியா? இந்த எடத்துலதான் மிஷின் செத்துப்போகுது."

நிற்கவில்லை, அக்கா. சத்தம் போய்க்கொண்டே இருந்தது. ஊசிபோல என் காதைக் குத்திக்கொண்டு போனது. வாசலில் சுருண்டு கிடந்த தெருநாய் தலையைத் தூக்கி, காதை விறைத்துக்கொண்டு வீட்டுக்குள் பார்த்தது. நீங்கள் மட்டும் அமைதியான ஒரு அறையில் உட்கார்ந்திருப்பவர்போல, என் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கிறிஸ்துமஸுக்கு ஏழு வாரம் இருந்தது. கொயரை வேறு யாரிடமாவது கொடுக்கலாம் என்று சர்ச்சில் இரண்டொருவர் பேசுவதாக அதற்கு முந்தைய வாரம்தான் சொல்லியிருந்தீர்கள். "என் காது இருக்குற வரைக்கும் நான் தர்றதா இல்ல" என்று சிரித்தீர்கள். அடுப்பு மூலையில் உட்கார்ந்திருந்த உங்கள் அம்மாவும் என் கண்முன் வந்தார்.

"ஆமாக்கா" என்றேன். "அங்கதான் நின்னுபோகுது. நான் சரி பண்ணிடுறேன்."

சரி பண்ணினேன். ஒரு ரெசிஸ்டரின் முதுகில் ஒரு சின்னக் கண்டென்சரை ஏற்றிப் பற்றவைத்தேன். கீச்சுச் சத்தம் மட்டும் தடையில்லாமல் தாண்டிப் போக ஒரு குறுக்குவழி. போதவில்லை என்று அடுத்த வாரம் இன்னொன்று. குமிழைத் தொடாமலே மேல் சத்தம் எல்லாம் பல மடங்கு ஏறிவிட்டது. ரெக்கார்டைப் போட்டீர்கள். மேல்குரல்காரி ஏறினாள். நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டீர்கள்.

"வந்துட்டா! தனம், வந்துட்டா பாரு! இத்தனை நாளா எங்கடி போயிருந்தே?"

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குலுக்கினீர்கள். எனக்கோ தகரத்தைக் கத்தியால் சுரண்டுகிற மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அடுத்த ஞாயிற்றிலிருந்து உங்கள் வீட்டுப் படியேறும் முன் இரண்டு காதிலும் பஞ்சை உருட்டி வைத்து, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வேன். "குளுருதா?" என்பீர்கள். "ஆமாக்கா" என்பேன். நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்கள். உங்களுக்கு நான் செய்த பெரிய நன்மை என்றே அதை நினைத்திருந்தேன்.

தை பிறந்து ஒரு நாள், மிக்ஸியை வாங்கிப்போக ஜெனியின் அம்மா கடைக்கு வந்தார். கொயரில் பாடுகிற ஒன்பது வயதுப் பிள்ளை ஜெனி. அவள் குரல் நல்ல குரல் என்று நீங்களே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறீர்கள்.

"டீச்சரோட பழக்கமாமே நீங்க? கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார். "ஸ்தோத்திரம்ங்கிற வார்த்தைல 'ஸ்' வரல, முழுங்குறே, முழுங்குறேன்னு பிள்ளையைப் போட்டுப் படுத்துறாங்க. அதுவும் பாம்பு சீறுற மாதிரி 'ஸ்ஸ்ஸ்'னு இழுக்குது. மத்த பிள்ளைக எல்லாம் சிரிக்குது. இன்னும் சத்தமா, இன்னும் மேலன்னு சொல்லிச் சொல்லி தொண்டை கட்டிக் கெடக்கு. இனி பாடவே மாட்டேங்கிறா. டீச்சர் முன்னெல்லாம் இப்படி இல்லைங்க."

மிக்ஸியைக் கட்டிக் கொடுத்தேன். அவர் போனதும் கடையைச் சாத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் ரெக்கார்டு பளிச்சென்று கேட்கிறது. அதனால் காதில் குறை இல்லை. அப்படியானால் குறை பிள்ளைகள் வாயில். நீங்கள் அப்படித்தானே நினைத்திருக்க முடியும்? உங்களை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது என் கண்டென்சர்.

சொல்லிவிடுவது என்றுதான் அந்த ஞாயிறு வந்தேன். ஆனால் பெட்டியைத் திறந்து, தேவையே இல்லாமல் ஒரு வயரை நோண்டிக்கொண்டிருந்தேன். குனிந்ததில் முந்தானை நழுவி, காதிலிருந்த பஞ்சு பெட்டிக்குள் விழுந்தது. நான் எடுப்பதற்குள் நீங்கள் எடுத்தீர்கள்.

"என்னது இது? காதுவலியா?"

இன்னொரு பொய் நுனிநாக்கில் தயாராக இருந்தது, அக்கா. உங்கள் உள்ளங்கையில் அந்தப் பஞ்சைப் பார்த்ததும் அது உள்ளே போய்விட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். விரல் விழுந்த இடம், நாய் தலை தூக்கியது, கண்டென்சர் இரண்டு, எல்லாம்.

நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். அழுவீர்கள் என்றும் நினைத்தேன். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி.

"அப்ப ஜெனி பாடினது?"

"சரியாத்தான் பாடியிருக்குக்கா, பிள்ளை."

நீங்கள் பஞ்சை மேசைமேல் வைத்தீர்கள். "நீ போ தனம்" என்றீர்கள். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் பஸ்ஸில் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "நல்லதுக்குத்தானே செஞ்சே, விடு" என்றார். விட முடியவில்லை.

இரண்டு மாதம் நீங்கள் கடைப்பக்கம் வரவில்லை. என் போனையும் எடுக்கவில்லை. நடந்ததை எல்லாம் ஜெனியின் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மறுநாளே அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, "நீ சரியாத்தான் பாடினே. டீச்சர் காதுல கோளாறு. உன் தொண்டையில ஒண்ணும் இல்ல. என்னை மன்னிச்சுக்க" என்றீர்களாம். பெரியவர்கள் எல்லாரும் பதறிப்போய் "ஐயோ டீச்சர்" என்றிருக்கிறார்கள். ஜெனி மட்டும் "சரி டீச்சர்" என்றாளாம். அந்த வாரமே, யாரும் கேட்பதற்கு முன்னால், கொயரை ஒப்படைத்துவிட்டீர்கள்.

பங்குனியில் ஒரு நாள் வெள்ளனே கடையைத் திறந்துகொண்டிருக்கிறேன், ஜீப்பிலிருந்து இறங்கினீர்கள். ஸ்வெட்டரில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தது அந்தப் பெட்டி. இரண்டு காதிலும் மெஷின். மதுரைக்குப் போய் வந்திருக்கிறீர்கள்.

"இன்னைக்கு என்ன சோலி கெடக்கு உனக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா."

"அப்ப வெரசா வா வீட்டுக்கு. இதுல நீ வச்ச பொய்யை எடு."

"இங்கேயே எடுத்துடலாமே அக்கா, பெட்டியைத் தூக்கிட்டே வந்துட்டீங்க."

"நீ வர மாட்டேன்னுட்டா வேற ஆள்கிட்ட குடுக்கலாம்னு எடுத்தாந்தேன்" என்றீர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

உங்கள் மேசையில் வைத்து இரண்டு கண்டென்சரையும் எடுத்தேன். ஈயம் இளகி அவை கழன்று வந்ததும், ரெக்கார்டைப் போட்டீர்கள். மேல்குரல்காரி ஏறினாள். எனக்கு அழகாகக் கேட்டது, பழையபடி. உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் சுளித்தீர்கள்.

"கேக்குதாக்கா?"

"கேக்குது. தகர டப்பாக்குள்ள நின்னு பாடுறா." பாட்டு முடிகிறவரை கேட்டுவிட்டு, "பரவால்ல. இருக்குற எடத்துல இருக்கா" என்றீர்கள்.

தேத்தண்ணி போட்டு எடுத்து வந்தபோது நான் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் கையமர்த்தினீர்கள்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? பாதி தெரியும் தனம். ரெண்டு வருசமா டெலிபோன் மணி கேக்கல. குருவி கேக்கல. உன் வாயால அதைக் கேக்கப் பயந்துதான் மிஷினைக் குத்தம் சொல்லிக்கிட்டே இருந்தேன். நீ சால்டர் அடிச்சே, நான் ஈயத்தை எடுத்துக் குடுத்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச வேலை அது."

பிறகு நீங்கள் சொன்னதுதான் எனக்கு வேலையாகிப்போனது. "எனக்கு இந்த மெஷினை வச்சு மேல் சுரம் நிதானிக்க முடியல. ஜெனிக்குத் தனியாச் சொல்லிக்குடுக்கலாம்னு இருக்கேன், அவங்க அம்மா சரின்னுட்டாங்க. நீ பக்கத்துல ஒக்காந்து கேட்டுச் சொல்லு."

"எனக்குப் பாட்டு என்னக்கா தெரியும்?"

"தெரியாததுதான் நல்லது. நல்லாருக்கு, நல்லால்லன்னு சொல்லாத. என்ன கேட்டுச்சோ அதை மட்டும் சொல்லு."

அடுத்த மூன்று வருட ஞாயிறுகளை நான் என்னவென்று சொல்வது? ஜெனி பாடுவாள், நீங்கள் அவள் வாயையும் தொண்டையையும் பார்ப்பீர்கள், பிறகு என்னைப் பார்ப்பீர்கள். "மேல போனதும் நூல் மாதிரி மெலிஞ்சு போகுதுக்கா." "ரெண்டாவது வரில மூச்சு வாங்குற சத்தம் கேக்குது." "இப்ப 'ஸ்' இருக்கு, ஆனா சின்னதா இருக்கு." முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பிள்ளை முகம் வாடிவிடுமோ, உங்கள் முகம் வாடிவிடுமோ என்று கொஞ்சம் சர்க்கரை சேர்த்துச் சொல்வேன். உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள். "ஏ தனம், கண்டென்சர் போடாதே" என்பீர்கள். ஜெனிக்கு அது புரியாது. நாம் இருவரும் சிரிப்போம்.

கடைசியில் மதுரை ஆஸ்பத்திரி. நுரையீரலில் நீர் கோத்து, கூடவே இதயமும் தளர்ந்துவிட்டது. உங்கள் தங்கை மகன் வராந்தாவில் என்னைத் தடுத்து, "பெரியம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க. சரியாயிரும்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றான். நல்ல பையன். அவன் கண் சிவந்திருந்தது. என்ன நினைத்துச் சொன்னான் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

உள்ளே வந்தேன். உங்கள் காது மெஷினைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டிருந்தார்கள். எடுத்து, துடைத்து, உங்கள் காதில் வைத்தேன். மூச்சுக்கு இடையில் கேட்டீர்கள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

கதவோரம் நின்ற அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நாள் கம்மிதான்னு சொல்றாங்கக்கா. வலி இல்லாம பாத்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க."

கண்ணை மூடினீர்கள். திறந்தபோது கண் தெளிவாக இருந்தது. "நல்லவேளை, உன்னைக் கேட்டேன்" என்றீர்கள். அப்புறம் வரிசையாக வேலை சொன்னீர்கள்: கீபோர்டு ஜெனிக்கு, பாட்டு நோட்டுகள் பள்ளிக்கூடத்துக்கு. தங்கை மகனைக் கூப்பிட்டு அவன் தலையில் கை வைத்தீர்கள். என்னைப் பார்த்து, "பெட்டி உனக்கு. ஆனா அதுல இனி கை வைக்காதே" என்றீர்கள். ஆக்சிஜன் முகமூடிக்குள் நீங்கள் சிரித்தது எனக்குத் தெரிந்தது. உங்களுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. பார்க்க வேண்டியவர்களை எல்லாம் வரச்சொல்லிப் பார்த்தீர்கள். அந்தப் பையனுக்கும் அதற்குப் பிறகு என்மேல் இருந்த கோபம் போய்விட்டது.

உங்களிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது எது என்று கேட்டால், இதுதான்: ஒன்றை எனக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படிச் சொல்லிவிடுகிறேன், பக்கத்திலேயே இருந்துகொண்டு. அதனால் சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்கள். என்ன செய்வது?

போன வாரம் பாச்சலூரிலிருந்து ஒரு ஐயா ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சத்தம் பத்தல தாயி. மூணு கடை ஏறி எறங்கிட்டேன்" என்றார். திறந்து பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. போட்டதும் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் ரேடியோமேல் காதை வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார். அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, எதிரில் உட்கார்ந்தேன்.

"ஐயா, என் முகத்தைப் பாருங்க. ரேடியோ நல்லாருக்கு. உங்களுக்குத்தான் காது மந்தமாயிருக்கு. டாக்டர்கிட்டக் காட்டினா மெஷின் குடுப்பாங்க. கேக்கும்."

அவர் ரேடியோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப எம்பொஞ்சாதி" என்றார். நிறுத்தி, மறுபடி தொடங்கினார். "ரெண்டு வருசமா எங்கிட்டப் பேச்சக் கொறச்சுப்புட்டா, என்னமோ மனத்தாங்கல்னுல்ல நெனச்சுக்கிட்டிருக்கேன். அவ பேசிக்கிட்டுத்தான் இருந்தாளா?"

"பேசியிருப்பாங்க ஐயா."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரேடியோவை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். வாசலில் இறங்கியவர் திரும்பி நின்று, பாச்சலூர் பஸ் எப்போது என்று கேட்டார். நாலு மணிக்கு ஒன்று இருக்கிறது என்று விரலைக் காட்டிச் சொன்னேன்.

"அதுக்கு முன்னால ஒண்ணும் இல்லையா?" என்றார்.

தனம்